நான் பார்த்த முள்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு என் தங்கை ரோசியிடமிருந்து போன். ஓரிக்கையில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

“அண்ணே, கரண்டு சாயங்காலம்தான் வருமாம். இங்க ஜெனரேட்டரும் படுத்துக்கிச்சு. இன்குபேட்டர்ல குறைமாசக் குழந்தை இருக்குது. அவரைக் கூட்டிக்கினு போய் எங்கனா வாடகைக்கு ஜெனரேட்டர் ஒண்ணு இழுத்துக்கினு வாங்கண்ணே!”

‘அவர்’ என்றால் அவள் வீட்டுக்காரர், என் மச்சான் தேவராஜ். மஸ்கட்டில் டிரைவராக இருந்தவர். இப்போது பழைய வெளிநாட்டு ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் கியர்... கிளட்ச்சே கிடையாது! கிளட்ச் இல்லாமல் கியர் எப்படி மாறும்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தென்னேரியில் ஒருவரிடம் சக்கரம் வைத்த ஜெனரேட்டர் இருந்தது. அதை இழுக்கும் டிராக்டர் அறுவடைக்குப் போய்விட்டது. ஜீப்பின் பின்னால் மாட்டினோம். யானையைக் கட்டி இழுப்பது போல இருந்தது.

“லோடு ஜாஸ்தி மச்சான். நான் ரோட்டைப் பாக்கணும். நீ டெம்பரேச்சர் முள்ளைப் பாத்துக்கினே வா. ஏறுச்சுன்னா உடனே சொல்லு” என்றார்.

பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. “நடுவுலதான் இருக்குது மச்சான்” என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவித்தேன்.

வாலாஜாபாத் தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாசனை. இன்ஜின் அலறுகிறது – வண்டி நகரமாட்டேன் என்கிறது. மச்சான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கே அவர் தனியாக வாங்கிப் பொருத்திய குட்டி மீட்டர்... முள் சிவப்பில்!

“எதைப் பாத்துக்கினு வந்தே நீ?”

“இதோ... இதை.”

“அது இன்ஜின் சூடுப்பா! கியர் ஆயில் சூடு வேற!”

ஒரு வண்டிக்கு எத்தனை சூடுதான் இருக்கும்?

ஓரங்கட்டினார். நான் பதறிப்போய்ச் சாவியைத் திருகப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “நிறுத்தாதே! நியூட்ரல்ல ஓடட்டும். ஆயில் சுத்தினாதான் கூலருக்குப் போய் ஆறும்.”

சூடான வண்டி ஓடினால் ஆறுமா? என் தலைதான் சூடானது.

அதற்குள் ரோசியின் போன். “எங்கண்ணே இருக்கீங்க? குழந்தையை அம்மா நெஞ்சோட சேத்துப் போத்தி வெச்சிருக்கோம்.”

“வந்துக்கினே இருக்கோம்மா” என்றேன், நின்றுகொண்டே. தப்பு முழுக்க என்னுடையது.

இருபது நிமிடம். முள் மெல்ல இறங்கியது. மச்சான் ஏசியை அணைத்தார். கியரைக் கீழே இழுத்தார்.

“சின்ன கியரா? வண்டி திணறாதா?”

“பெரிய கியர்லதான் ஆயில் கொதிக்கும். நீ இந்த முள்ளை மட்டும் பாரு.”

இந்த முறை அவர் முழங்காலருகே தலையை வைத்துக்கொண்டு, கிரிக்கெட் கமென்ட்ரி போலச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏற்றத்தில் பட்டுநூல் மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திப்போனது. மச்சான் அவசரப்படவே இல்லை.

ஓரிக்கை வந்தது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. ரோசி குழந்தைக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். “சூடு சரியா இருக்குதுண்ணே” என்றாள். அந்தத் தாய் மூன்று மணி நேரம் அசையாமல் படுத்திருந்தாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏண்ணே இவ்ளோ லேட்டு?” என்று கேட்டாள் அந்தத் தாய்.

இன்ஜின் சூடு, ஆயில் சூடு, ஓடினால் ஆறும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

பாதியிலேயே குழந்தை கொட்டாவி விட்டுவிட்டது!