நூலகத்துக்கு வாசித்த ஓலை

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலதிகாரி இரண்டே வரிதான் எழுதியிருந்தார். கிளை நூலகத்துக்கு வருகிறவர்கள் போதவில்லை, அடுத்த ஆய்வுக்குள் கூடாவிட்டால் நூலகத்தை உடன்குடிப் பக்கம் மாற்றிவிடுவார்கள். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வேர்வையில் மை பரவிய பிறகும் எடுத்து எடுத்துப் படித்தேன், ஏதாவது ஒரு சொல் மாறியிருக்காதா என்று.

அது அறுபதுகளின் கடைசி. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்துக் கத்தோலிக்க ஊர் ஒன்றில் நான் நூலகர். பிறந்து வளர்ந்தது ஆற்றங்கரையில், பெருமாள் கோயில் தெருவில். கடலை ஆடி அமாவாசைக்குக் குளிக்கப் போனபோது பார்த்ததோடு சரி. ஊர்க்காரர்கள் என்னை ‘லைப்ரேரி சார்’ என்று கூப்பிட்டார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை, உள்ளேதான் வரமாட்டார்கள்.

வந்த சிலரில் ஒருத்தி தண்டலின் மகள். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிப்போகும் தலைவரை அங்கே தண்டல் என்பார்கள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த அந்தப் பெண் வாரம் மூன்று தடவை வருவாள். அலமாரியில் முக்கால்வாசியை முடித்திருந்தாள். அவளுக்கு அடுத்தபடியாக வாசித்தவன் உப்பளத்தில் எழுத்து வேலை பார்த்த ஓர் இளைஞன். அவள் பகலில் வருவாள், அவன் பொழுது சாய்ந்து வருவான். இருவரும் ஒருநாளும் அங்கே சந்தித்தது கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

நூலகத்தைக் காப்பாற்ற நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. மீன் ஏலம் போடும் கொட்டகையில் ‘வாசிக்க வாரீர்’ என்று ஒட்டினேன். உப்புக்காற்று மத்தியானத்துக்குள் உரித்துவிட்டது. தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சைக்கிளில் தெருத்தெருவாகக் கூவினேன். விடியுமுன்னே கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்கும் நேரம் அது என்று ஒரு அம்மா கொடுத்த வசவில்தான் தெரிந்தது. கருப்பட்டிக் கடையில் ஆளுக்கொன்று கொடுக்கச் சொல்லி ஒரு கட்டு அறிவிப்புத் தாள் கொடுத்தேன். கடைக்காரர் உண்மையாகவே ஆளுக்கொன்று கொடுத்தார், கருப்பட்டியைப் பொதிந்து.

“நல்ல தாளு சார். இன்னும் இருந்தா குடுங்க” என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊர் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசையில். அங்கே அறிவிப்புகளை வாசிப்பவர் உபதேசியார். வாரா வாரம் அதிகம் வாசித்தவர்களின் பெயரைக் கோயிலில் சொன்னால் மற்றவர்களுக்கும் ஆசை வராதா? உபதேசியார் மறுப்புச் சொல்லாமல் சீட்டை வாங்கிக்கொண்டார். நூலகப் பதிவேட்டில் எழுதுகிற வழக்கப்படியே நான் எழுதியிருந்தேன்: இன்னார் மகன் இன்னார், இன்னார் மகள் இன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் போய்ப் பெருமையாக நின்றேன். உபதேசியார் முதலில் வேறொரு ஆண், பெண் பெயரை வாசித்தார். அதே மூச்சில், அதே ராகத்தில் என் சீட்டில் இருந்த உப்பளத்து இளைஞன் பெயரையும் தண்டல் மகள் பெயரையும் வாசித்தார். கடைசியில் பழக்கதோஷத்தில், “இவர்களுக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும்” என்று முடித்தார்.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. பிறகு ஆண்கள் பக்கம். தண்டலின் மகள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற கருப்பட்டிக் கடைக்காரர் என் தோளைத் தொட்டார்.

“என்ன சார் இப்படிப் பண்ணிட்டிய? எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாலதான் இப்படிப் பேரு வாசிப்பாவ. ஓலை வாசிக்கதும்பாவ. அவிய ரெண்டு பேருக்கும் இப்ப ஓலை வாசிச்சாச்சு.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். மறுநாள் நூலகத்துக்கு ஒரு பெண்கூட வரவில்லை. உப்பளத்து இளைஞன் தெருவையே மாற்றிக்கொண்டு போனான். ஆய்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை, ஆனால் அந்தப் பயம் இப்போது இரண்டாம் பயமாகிவிட்டது. ஒரு வீட்டுப் பெண்ணின் பெயரை நான் சந்திக்கு இழுத்துவிட்டேன். யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன்.

புதன்கிழமை தண்டல் வந்தார். சரக்கு ஏறுவதற்காக அவர் தோணி துறைமுகத்தில் காத்துக்கிடந்தது. நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மேசை எத்தனை நேரம் தாங்கும் என்றுதான் யோசித்தேன்.

“ஓலை மூணு வாரம் வாசிக்கணும், தெரியுமா சார்?” என்றார்.

“தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா எழுதியே குடுத்திருக்க மாட்டேன்.”

“ஒண்ணோட நின்னுபோச்சுன்னா, பொண்ணுகிட்ட என்னமோ தடைன்னு ஊரு பேசும். நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?”

அந்த இளைஞனுக்கே கட்டிவைக்கச் சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன்.

“வார ஞாயித்துக்கிழமையும் வாசிக்கச் சொல்லுங்க. எம் பேரையும் எம் வீட்டுக்காரி பேரையும்.”

“நீங்க ரெண்டு பேரும் உறுப்பினரே இல்லையே அண்ணாச்சி.”

“சேத்துக்கிடுங்க. கட்டுனவளையே திரும்பக் கட்டுதான்னு ஊரு என்னையப் பாத்துச் சிரிக்கட்டும். எம் பிள்ளையப் பாத்துச் சிரிக்காண்டாம்.”

அவர் மனைவிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும் என்றார். “நான் வாசிக்கேன், அவ கேக்கா. அது கணக்குல வராதா?”

விதிப்புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை. ஆனாலும் இரண்டு பெயரையும் பதிந்தேன். சொன்னபடியே அந்த மனுஷன் காலையிலும் மாலையிலும் வந்தார். மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுத்துப்போய், முடித்துத் திருப்பினார். இடையிடையே மேசையில் உட்கார்ந்தும் வாசிப்பார். சுக்கான் பிடித்துக் காய்த்த விரல் வரிக்கு வரி மெல்ல நகரும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை அவர்கள் இருவரையும் மிஞ்ச ஆள் இல்லை.

மறுநாள் நான் கோயில் வாசலுக்குப் போகத் துணியாமல் பக்கச் சன்னல் ஓரமாக நின்றேன். உபதேசியார் தண்டலின் பெயரை வாசித்தார். மனைவியின் பெயரை வாசித்தார். கோயிலே சிரித்தது. தண்டல் எழுந்து நின்று, புதுமாப்பிள்ளை மாதிரி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூன்றாம் வாரம் கருப்பட்டிக் கடைக்காரரும் அவர் வீட்டம்மாவும். அதற்குப் பிறகு, “எங்க ரெண்டு பேருக்கும் எப்ப சார் ஓலை?” என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விளையாட்டாக வந்தவர்களில் பலர் வாசிக்கவும் செய்தார்கள். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “இதென்ன, எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு?” என்றார். குடும்பமாக வாசிக்கிற ஊர் என்று சொன்னேன். நூலகம் அங்கேயே நிலைத்தது.

தண்டலின் மகள் மட்டும் வரவே இல்லை. அவள் அட்டை என் மேசைப்பெட்டியில் அப்படியே கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இருந்த ஒரு நல்ல வாசகியை விரட்டிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூட்டிவந்தேன் என்று உறுத்தும்.

தண்டல் கொழும்புக்குப் போன பிறகு ஒருநாள் அவர் மனைவி வந்தார். ஓலைப்பெட்டியிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டு ஒரு சீட்டை நீட்டினார். அடுத்து வேண்டிய புத்தகங்களின் பெயர்கள், என் மேசைப்பெட்டியில் கிடந்த அட்டையில் இருந்த அதே கையெழுத்தில். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். தோணி திரும்பிவர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் கோயிலில் முதலாவதாக வாசிக்கப்பட்ட பெயர் அந்த அம்மாவுடையது. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.