திண்டிவனத்தில் மாற்றிய ஐஸ்

தெர்மாகோல் பெட்டியின் மூடிக்கு அண்ணன் டேப்பை மூன்று சுற்று சுற்றுவார். எங்கள் ஆய்வகத்து உதவியாளர் அவர். விழுப்புரத்தில் ரயிலேறி, என் மாதிரிகளைச் சென்னையிலுள்ள எடைக் கருவிக்குக் கொண்டுபோவார். அப்போது நான் பிஎச்.டி. மாணவன். புரதத்தைக் கனநீரில் போட்டால், தளர்ந்து ஆடும் இடங்கள் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, அதைவிடக் கனமான டியூட்டீரியத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். இறுகிய இடங்கள் மெதுவாகத்தான் வாங்கும். கூடிய எடையை வைத்துப் புரதத்தின் ஆட்டத்தைக் கணக்கிடலாம். பிறகு சாதாரண நீரை ஊற்றி உடனே உறையவைப்போம். ஆனால் எடை பார்க்கும்வரை மாதிரி உறைந்தே இருக்கவேண்டும். உருகினால் வாங்கியதெல்லாம் அந்த நீரில் கழன்றுவிடும்.

மருந்து கலந்த மாதிரிகளை அனுப்பியபோது எடை கூடவே இல்லை. மருந்து புரதத்தை இறுக்கிவிட்டது என்று குதித்தேன். என் ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது.

அதைச் சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கையில், டீ குடித்தபடி அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "மருந்து போட்டு அனுப்பினியே தம்பி, அன்னிக்கு திண்டிவனத்துல வண்டி நின்னுக்கினே இருந்துச்சு. பொட்டிய தொறந்தா உன் புகை ஐஸ் பாதி காணோம், ஒரு சொட்டு தண்ணி கூட இல்ல. பேஜாரா பூட்ச்சு. மிச்சத்தையும் கொட்டிட்டு, ஜல்தியா ஓடி ஜூஸ் கடையில நல்ல ஐஸா வாங்கி ரொப்பிக்கினு போனேன்."

அது உலர்பனி, டிரை ஐஸ்; உருகாது, ஆவியாகத்தான் போகும். அவருக்கு அதைச் சொல்லி அனுப்பாதது நான். ஜூஸ் கடை ஐஸின் குளிர் மாதிரிகளுக்குப் போதாது, எல்லாம் உருகி, கூடிய எடையும் கழன்றிருக்கும். மறுபடி செய்ய ஒரு வருஷமாகும். ஐயோ, எனக்குத் தெம்பே இல்லை. அதுதான் நிஜம்.

"அண்ணே, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன்.

பேராசிரியரின் திட்டிலிருந்து அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார் மனுஷர். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பிறகும் வருஷாவருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தனுப்புகிறார். "தம்பி எனக்காக வாயத் தொறக்கல" என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். கேட்கக் கேட்க வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

இப்போது விழுப்புரத்தில் பாடம் நடத்துகிறேன். வளவனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் என் ஆய்வு மாணவி, என் ஆய்வேட்டைப் பார்த்து அதே அளவீட்டைச் செய்தாள். போன வாரம் மூன்றாவது முறையும் புரதம் இறுகவில்லை.

"என் கைதான் சரியில்ல சார். நான் ஆராய்ச்சிய உட்டுடறேன்" என்று கண்கலங்கி நின்றாள். இன்னொரு முறை செய்து பாரம்மா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இரண்டு முறை அப்படித்தான் அனுப்பினேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரும்மா. உன் கை நல்லாத்தான் இருக்கு. பொய் எழுதினது நான்" என்றேன்.