டிஸ்க்கை மறந்த கொம்பியூட்டர்

கொக்குவில் கமலாவதிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சொற்கள் மட்டும் குறைந்துவிடும். 1992 ஆனியில் ஒரு கிழமை முழுவதும் அவள் அப்படித்தான் கதைத்தாள்.

போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு உலருணவு கொடுக்கும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. நாலாயிரம் குடும்பங்களின் பெயர்களை அங்கிருந்த ஒரே கொம்பியூட்டரில் அடித்து ஏற்றியவள் அவள்தான். மின்சாரம் நின்று இரண்டு வருடம். காலையில் இரண்டு மணித்தியாலம் ஜெனரேற்றர் ஓடும். அதற்குள் பட்டியலை அச்சடித்துவிட வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை கொம்பியூட்டர் எழும்பவில்லை. பெயர்கள் இருந்த டிஸ்க்கையே காணவில்லை என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது.

"என்ன பிள்ளை செய்தனீர்?" என்றார் பொறுப்பாளர் இராசநாயகம்.

"நான் ஒண்டும் செய்யேல்லை, ஐயா."

"நீர்தானே உந்தக் கொம்பியூட்டரைத் தொடுறனீர்."

வாசலில் வரிசையில் நின்றவர்களிடமும் போய், "பிள்ளை பழுதாக்கிப்போட்டுது, இண்டைக்குச் சாமான் இல்லை" என்றார். மயிலிட்டியிலிருந்து வந்திருந்த சின்னாச்சி வெறும் பையோடு திரும்பும்போது கமலாவதியை ஒரு பார்வை பார்த்தாள். அது சுட்டது.

வியாழக்கிழமை இராசநாயகம் அடைக்கலநாதனைக் கூட்டிவந்தார். கொழும்பில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்தவன். ஐந்து நிமிடம் பார்த்தான்.

"டிஸ்க் செத்துப்போச்சு. முழுக்க அழிச்சுத்தான் பாக்கவேணும்."

"அழிச்சால் பேருகள்?"

"போகும்தான், அக்கா."

கமலாவதி விசைப்பலகையைக் கையால் மூடினாள். "தொடாதையும்."

"உவர் படிச்சவர், பிள்ளை!"

"செத்த டிஸ்க் சுத்துமோ? காதைக் குடுத்துக் கேளுங்கோ."

அவள் இன்னொன்றையும் கவனித்திருந்தாள். ஒவ்வொரு முறை போடும்போதும் திகதி 1980 தை முதலாம் நாளாகவே காட்டியது. நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் திகதியையும் டிஸ்க்கின் வகையையும் நினைவில் வைக்க உள்ளே ஒரு சின்னப் பற்றரி உண்டு. அதுதான் தீர்ந்திருந்தது. புதிது வாங்க வழியில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது.

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள். டிஸ்க்கில் ஒட்டியிருந்த எண்களைக் கொம்பியூட்டரோடு வந்த கைநூலோடு ஒப்பிட்டாள். இரண்டாம் வகை. மறுபடி போட்டு, திரை கேட்ட இடத்தில் 2 என்று அடித்தாள். பெயர்கள் வரிவரியாக வந்தன. நிறுத்தினால் மறுபடி மறந்துவிடும். ஒவ்வொரு காலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இராசநாயகம் எழுந்து, "அடைக்கலநாதன்தான் திருத்தித் தந்தவர்" என்றார். அடைக்கலநாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை ஜெனரேற்றர் ஓடியது. கமலாவதி கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏன் இன்னும் தொடங்கேல்லை?"

"திருத்தினவரைக் கூப்பிடுங்கோ."

"வெளியிலை சனம் நிக்குது, பிள்ளை."

"போன கிழமையும் நிண்டது. நான் பழுதாக்கினதெண்டு சொன்னீங்கள். ஆர் திருத்தினதெண்டும் போய்ச் சொல்லுங்கோ."

இராசநாயகத்தின் முகம் கறுத்தது. ஜெனரேற்றர் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வாசலுக்குப் போய் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை, தம்பி" என்றாள் சின்னாச்சி.

அவர் உரத்துச் சொன்னார். அதன் பிறகுதான் கமலாவதி விசைப்பலகையில் கை வைத்தாள்.

அத்தோடு அவளுடைய கோபம் தீர்ந்தது என்று அலுவலகத்தில் நினைத்தார்கள். தீரவில்லை. விரலளவு பற்றரிக்குக்கூட அனுமதி இல்லாத ஊரில், தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் நெருங்கி எல்லோரும் வெளியேறும்வரை, மூன்று வருடம் ஒவ்வொரு காலையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அவள் அந்தக் கொம்பியூட்டரை எழுப்பினாள்.