பிரேயர் நின்றுபோனதால்

அந்த மைக்கின் தலையில் எப்போதும் ஒரு நீலக் கைக்குட்டை கட்டியிருக்கும். ஒரகடம் சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகளின் புழுதி உள்ளே போய்விடக் கூடாதென்று பெரிய டீச்சர் கட்டியது. எங்கள் தலைமை ஆசிரியையை ஊரே அப்படித்தான் கூப்பிடும். காலையில் முடிச்சை அவிழ்த்து, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, “கண்ண மூடு” என்பார். பிள்ளைகள் எல்லோரும் மூடிக்கொள்ள, யார் திறந்திருக்கிறார்கள் என்று அவர் மட்டும் திறந்த கண்ணோடு பார்ப்பார். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். ஆனால் எங்களுடையது அரசுப் பள்ளி என்பதால் எந்தச் சாமியின் பெயரையும் மைக்கில் சொன்னதில்லை. வாழ்த்துப் பாட்டு, உறுதிமொழி, பேப்பர் செய்தி, கடைசியில் ஒரு நிமிஷ மௌனம். இதற்குத்தான் எங்கள் ஊரில் பிரேயர் என்று பெயர். அந்தச் செய்தியிலேயே பாதி வெட்டும் குத்தும்தான்! இருந்தாலும், பிள்ளைகள் சாயங்காலம் வரை அடங்கி இருப்பது அந்த ஒரு நிமிஷத்தால்தான் என்று அவர் சத்தியமாக நம்பினார்.

புதுக் கட்டடத்துக்காக மைதானத்தைத் தோண்டினார்கள். நிற்க இடமில்லாமல் பிரேயர் நின்றது. அதை நடத்தும் பொறுப்பு தமிழாசிரியையான என்னுடையது என்பதால் மைக் என் பீரோவுக்குள் போய்விட்டது. கொஞ்ச நாளில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மதிய இடைவேளையில் கட்டையைத் தூக்கித் தன் வகுப்புப் பையனை அடித்துவிட்டான். புருவத்துக்கு மேலே தையல் போடும்படி ஆயிற்று. அடிபட்டவன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த வருஷம்தான் வந்து சேர்ந்தவன். அவன் அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அடித்தவன் உள்ளூர்ப் பையன். லாரி மோதி அப்பா போய்ச் சேர்ந்து, பையன் மறுபடி பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்த நேரம்.

ஏன் அடித்தாய் என்று கேட்டால் வாயையே திறக்கவில்லை. அடிபட்டவனுக்கும் காரணம் தெரியவில்லை. காரணம் இல்லாத இடத்தில் ஊர் ஒரு காரணத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், எங்கும் இதே பேச்சு: பிரேயர் நின்றது, அடிதடி வந்தது. பெரிய டீச்சரும் என்னைப் பிடித்துக்கொண்டார். “பிரேயர வுட்டுட்டு உக்காந்துகினு இருந்தோம். இப்ப பாரு, கட்டைய தூக்கிகினு நிக்கிறானுங்க. இன்னா சொல்ற நீ?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் வாசலிலேயே செருப்புக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்களே, அவர்களெல்லாம் கும்பிடாமலா வந்தார்கள் என்று கேட்டேன். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடித்தவனுக்கு டிசி எழுதி வைத்துவிட்டார். என் பயமெல்லாம் அதில்தான். இந்தப் பக்கம் பாதியில் டிசி வாங்கிய பையன் இன்னொரு பள்ளிக்குப் போக மாட்டான். வயதைக் கூட்டிச் சொல்லி எங்காவது லோடு ஏற்றப் போய்விடுவான். அப்படிப் போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டு அம்மாக்களையும் வரச் சொல்லியிருந்தார். பையன்கள் கதவோரம் நின்றார்கள். பெரிய டீச்சர் பிரேயரில் ஆரம்பித்து டிசியில் வந்து முடித்தார். உள்ளூர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்துத் தாங்காமல் கேன்டீன் அம்மா எழுந்து, “அழாதீங்கக்கா. டீச்சர், அந்தச் சவத்த விடுங்க. பிள்ளைங்க அடிச்சிக்கிடும், நாளைக்கே கூடிக்கிடும்” என்றாள்.

உள்ளூர் அம்மா விருட்டென்று எழுந்தாள். “இன்னாம்மா பேச்சு இது? புருசனப் பறிகுடுத்துட்டு நிக்கிறேன், சவம் கிவம்னு சொல்ற!” அப்போதுதான் கதவோரத்திலிருந்து அவள் மகனின் குரல் வந்தது. “அவனும் இதத்தான் டீச்சர் சொன்னான்! எங்கப்பாவ சவம்னு சொன்னான்!” சொல்லிவிட்டுச் சுவரில் முகத்தைப் புதைத்துத் தேம்பினான்.

கேன்டீன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ ராசா, அப்படி இல்லப்பா! எங்கூர்ல பேனா எழுதலன்னாலும் சவம்தான், பஸ் வரலன்னாலும் சவம்தான். ‘சவத்த விடு’ன்னா, போனாப் போட்டும், விட்டுத் தள்ளுன்னு அர்த்தம்.” பிறகுதான் எல்லாம் விளங்கியது. அடித்தவனுக்கு அவன் அப்பா வாங்கித் தந்த தண்ணீர் பாட்டில் மைதானத்துப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. எடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றவனின் தோளில் கைபோட்டு, “அந்தச் சவத்த விடுலே, வா” என்று திருநெல்வேலிப் பையன் ஆறுதல் சொல்லியிருக்கிறான். ஆறுதலுக்குத்தான் அடி விழுந்திருக்கிறது! தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் சவம் என்றால் பிணம் மட்டும்தான்.

பெரிய டீச்சர் டிசியைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். “நானும் தெனம் முட்டி போட்டு ஜெபம் பண்றேன். இன்னிக்குக் காலைல அத முடிச்ச கையோட எங்க வூட்டுக்காரர் மேல தோசக்கரண்டிய வீசிட்டு வந்துகீறேன். யார் மேல பழி போடுறது?” என்றார். அழுதுகொண்டிருந்தவளும் சிரித்துவிட்டாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

கட்டடம் முடிந்து பிரேயர் திரும்பி வந்த முதல் நாளே, வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று இரண்டு பெண்பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பெரிய டீச்சர் மைக்கை அணைக்க மறந்து, “பாரு, கண்ண மூடிகினே முடியப் புடிச்சி இழுக்குதுங்க!” என்றது தெரு வரைக்கும் கேட்டது. பிரேயர் நடந்திருந்தால் அன்று அந்தக் கட்டை கீழேயே கிடந்திருக்குமா? எனக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிஷத்தில் அவன் கண்ணை மூடியிருந்தால் அப்பாவைத்தான் பார்த்திருப்பான்.

பெரிய டீச்சர் ஓய்வு பெற்று இப்போது குன்றத்தூரில் மகளோடு இருக்கிறார். மைக் எங்களோடு இருந்தது, போன வாரம் மூச்சை நிறுத்தும் வரை. அடித்தவனுக்குத்தான் சொல்லி அனுப்பினேன். ஐடிஐ படித்துவிட்டுச் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். கழற்றினான், கம்பியைப் பற்றவைத்தான், “ஹலோ, ஹலோ” என்று தட்டிப் பார்த்தான். பிள்ளைகள் வரிசையில் காத்திருந்தார்கள். “பெரிய டீச்சர் மைக்குப்பா, இன்னொரு தடவ பாரேன்” என்றேன். அவன் கைக்குட்டையை மறுபடி அதன் தலையில் பதமாகக் கட்டி என் கையில் கொடுத்தான்.

“அந்தச் சவத்த வுடுங்க டீச்சர். நீங்க கத்துனா பசங்களுக்குக் கேக்காதா இன்னா?”