நம்பத் தகுந்த வட்டாரம்

ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் நான் பார்த்த வேலையை ஒரே சொல்லில் அடக்கிவிடலாம்: வரைவு. யார் எந்தச் செய்தியைக் கூச்சலும் குழப்பமுமாகக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாலும், அதற்கு ஒரு பொருள் வரி, முந்தைய கடித எண், மூன்று பத்தி, பணிவான முடிப்பு என்று உருக்கொடுத்து மேலே அனுப்புவேன். செய்தி மெய்யா என்று பார்ப்பது என் வேலையன்று. அதற்கு எனக்கு மேலே இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ஐயம் வந்தால் ஓரத்தில் "ஆதாரம்?" என்று கிறுக்கிக் கோப்பைத் திருப்பிவிடுவார்கள். நான் ஆதாரத்தைத் தேடி இணைப்பேன். கிடைக்காவிட்டால் கோப்பு அங்கேயே படுத்துவிடும். கையெழுத்து ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை. என் வரைவில் ஒரு சொல்லையும் எவரும் மாற்றியதில்லை என்ற பெருமை மட்டும் என்னுடையது.

ஓய்வுக்குப் பின்னும், தெலுங்கு நாட்டு மெட்டுகுடாவில் தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் எங்கள் சந்து முழுவதற்கும் நான் "ஓ.எஸ். சார்"தான். அலுவலகக் கண்காணிப்பாளர் என்ற பதவியின் அந்த இரண்டு எழுத்துகள் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்துவிட்டன. சந்துக்கென்று கைப்பேசியில் ஒரு குழு உண்டு. நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். தண்ணீர் எப்போது வரும், எரிவாயு வண்டி எங்கே நிற்கிறது, யார் வீட்டில் துக்கம் என்பதெல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கில எழுத்தில் எழுதிய இந்தியிலும் வந்துகொண்டே இருக்கும். தேர்தல் நெருங்கினால் அதே மூன்று மொழிகளில் வசையும் வரும். நான் அதில் கலந்துகொள்வதில்லை. சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் விண்ணப்பம் வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள்; எழுதிக் கொடுப்பேன். விளக்கு எரிந்தது என் விண்ணப்பத்தால்தான் என்று சந்து நம்பியது. நானும் மறுக்கவில்லை.

அந்த ஆண்டு வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் பணி தொடங்கியிருந்தது. எங்கள் பகுதிக்கு அங்கன்வாடி ஆசிரியை ஒருவரை நியமித்திருந்தார்கள். தெலுங்குக்காரர், இந்தச் சந்தின் பாதிப் பிள்ளைகளைக் கைக்குழந்தைகளாகத் தராசில் வைத்து எடை பார்த்தவர். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, பூர்த்தி செய்ததும் திரும்ப வாங்கிப் போவது அவருக்கு இட்ட வேலை.

இரண்டாம் வாரத்தில், ஒரு பிற்பகல், எதிர்வீட்டுக்காரர் எனக்கு ஒரு செய்தியை அனுப்பிவிட்டு நேரிலும் வந்து நின்றார். ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வட ஆர்க்காட்டிலிருந்து இவருடைய தாத்தா வந்ததாகச் சொல்வார்.

"இன்னா சார் பண்றீங்க? இத்தக் கொஞ்சம் பாருங்க. ஒரே கிறுக்கலா கீது. நம்ம ஜனத்துக்குப் புரியறாப்புல நீங்க ஒரு தபா எழுதிக் குடுத்துடுங்க."

வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கவே படிவம் வாங்குகிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சொந்த ஊருக்குப் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். ஆகவே எவரும் கொடுக்காதீர். இதுதான் செய்தி. நடுநடுவே நெருப்புப் படங்கள், கை ஓங்கிய படங்கள், எவரையோ திட்டும் இரண்டு வரிகள். இந்த அலங்கோலத்தில் அதை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று எனக்கு அலங்கோலம் மட்டுமே கண்ணில் பட்டது.

படங்களை நீக்கினேன். வசையை நீக்கினேன். மூன்று பத்தியாகப் பிரித்தேன். சுற்றறிக்கை என்றால் செய்தி எங்கிருந்து வந்தது என்று முதல் வரியில் இருக்க வேண்டும். எனவே, கை பழகிய வழக்கப்படி, "நம்பத் தகுந்த வட்டாரங்களிலிருந்து தெரியவருவதாவது" என்று தொடங்கினேன். அந்த வட்டாரம் எது என்று என்னை நானே கேட்கவில்லை. மேலே யாராவது கேட்பார்கள் என்று முப்பத்தோரு ஆண்டுகள் இருந்துவிட்ட மனம், இப்போது மேலே எவரும் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. எழுதியதைக் குழுவில் நானே இட்டேன். கீழே என் பெயரும் ஓய்வு பெற்ற பதவியும்.

மறுநாள் குஷாய்குடாவில் இருக்கும் என் தங்கை அதையே எனக்கு அனுப்பினாள். பலமுறை கைமாறிய செய்தி என்ற குறி அதன் தலையில் இருந்தது. என் பெயர் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. "எழுதினவர் யாரோ, ரொம்பத் தெளிவா எழுதியிருக்கார் அண்ணா" என்று அவள் சேர்த்திருந்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அதற்கடுத்த இரண்டு நாட்கள் ஆசிரியை சந்தில் நடந்துபோவதை மாடியிலிருந்து பார்த்தேன். அவர் நெருங்க நெருங்கக் கதவுகள் சாத்தப்பட்டன. மூன்றாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. தம் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். என் மூன்று பத்திகள், யாரோ தெலுங்கில் பெயர்த்தவை.

"இதி மீரே ராசாரண்ட்ட கதா சார்?"

நீங்கள்தான் எழுதினீர்களாமே என்கிறார். ஆம் என்றேன். அவர் கோபப்படவில்லை. பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலுமாக நிதானமாகச் சொன்னார். படிவம் வாங்குவது பெயரை நீக்க அல்ல, வைத்திருக்க. இன்னும் நான்கு நாட்களில் படிவம் வராத வீடுகளின் பெயர் முதல் பட்டியலில் வராது. இந்தச் சந்தில் ஏறக்குறைய நாற்பது வீடுகள் தரவில்லை.

"நீங்க பேர் போகும்னு எழுதினீங்க சார். இப்ப நிஜமா போகும். நா வல்ல காது. மீ வல்ல."

தம்மால் அல்ல, என்னால் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக்கான படிவங்களை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார்.

விசாரிக்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். அதற்குள் அன்று மாலையே தொலைபேசி வந்தது. தெலுங்கு நாளிதழ் ஒன்றின் நகரப் பக்கத்துக்கு எழுதும் பெண் நிருபர்; ஆசிரியையிடம் என் எண்ணை வாங்கியிருந்தார். ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகப் பேசினார். "ஐயா, நம்பத் தகுந்த வட்டாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது யார்? அவரிடம் நான் பேசலாமா?"

முப்பத்தோரு ஆண்டுகளாக ஓரத்தில் கிறுக்கப்பட்ட அதே கேள்வி. அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடமிருந்து வந்ததால் எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

கோப்பின் தடம் பிடிப்பதுபோல் பிடித்தேன். எனக்கு எதிர்வீட்டுக்காரர். அவருக்கு அவருடைய மைத்துனர். மைத்துனருக்கு அமீர்பேட்டில் விடுதி நடத்தும் ஒருவர். விடுதிக்காரருக்கு அங்கே தங்கியிருந்த ஒருவர். அவர் இப்போது வேறு ஊரில். அவரையும் பிடித்தேன். "ஞாபகம் இல்லீங்க. ஏதோ குரூப்ல வந்துச்சு. சரியா இருந்தா நம்மாளுங்களுக்கு உதவுமேன்னு போட்டேன்" என்றார். இதில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு நல்லது நினைத்தார்கள். அந்த நல்லெண்ண வரிசையின் மறுமுனையில் ஆளே இல்லை. நம்பத் தகுந்தவன் என்று ஒருவன் அந்த வரிசையில் இருந்தானென்றால், அது நான்தான்.

நிருபரிடம் சொன்னேன். "அப்படியானால் செய்தி பொய் என்று எழுதுகிறேன். முதலில் எழுதியவரே சொன்னால் மக்கள் நம்புவார்கள். உங்கள் பெயரைப் போடலாமா?" என்றார். முடிவை மறுநாள் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "இத்தனை வருஷம் அடுத்தவங்க கையெழுத்துக்குக் கீழேயே இருந்து பழகிட்டீங்க. இப்போ உங்க கையெழுத்துன்னதும் பயம்மா இருக்கு, இல்லீங்களா?" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். "அண்மையில் ஒரு தவறான தகவல் பரவியிருப்பதாக அறியப்படுகிறது" என்று தொடங்கியது அந்த வரைவு. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா யாரு பரப்புனதுன்னே இல்லியே சார். தானா மொளச்சிச்சா?"

"உங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்க. கைக்கு, எதுக்குன்றேன், பயப்படணும்? நான்தானே எட்தாந்தேன்."

கிழித்துப்போட்டுவிட்டு நான்கே வரி எழுதிக் குழுவில் இட்டேன். எழுதியது நான். எனக்கு எந்த வட்டாரமும் தெரியாது. விசாரித்தேன், செய்தி பொய். படிவத்தைக் கொடுங்கள். நிருபருக்கும் அதையே அனுப்பி, பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

முதல் செய்தி ஒரே நாளில் ஊரைச் சுற்றியது. இந்த நான்கு வரி சந்தைவிட்டு நகரவில்லை. படித்ததற்கான நீலக் குறிகள் மட்டும் விழுந்தன. ஒருவர் கைகூப்பிய படம் போட்டார். ஒருவர், "முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது" என்றார். மூன்றாம் வீட்டின் மாடியில் குடியிருப்பவர், தமிழ்நாட்டிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்த குடும்பஸ்தர், நேராகவே கேட்டார்: "சார், யார் மிரட்டினாங்க உங்களை?" எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று முதலில் கொதித்தேன். பிறகு, அவர் இப்படிக் கேட்க நான்தானே வழி செய்தேன் என்று தோன்றியது.

கைப்பேசி எடுத்துப்போகாததைக் கால்தான் எடுத்துப்போக வேண்டும். மறுநாள் காலை ஆசிரியையோடு நானும் எதிர்வீட்டுக்காரரும் புறப்பட்டோம். அழைப்பில்லாமல் ஒரு வீட்டுப் படியேறுவது என் வழக்கமன்று. அன்று இருபது வீட்டுப் படிகள் ஏறினேன்.

தண்ணீர் பிடித்து வந்த ஒரு பெண்மணி குடத்தை இறக்காமலே கேட்டார்: "நேத்து நக்கோ, குடுக்காதன்னீங்க, இன்னிக்கு குடுன்றீங்க. நாளிக்கு இன்னா சொல்லுவீங்க ஓ.எஸ். சார்?"

"நாளைக்கும் இதையேதான் சொல்வேன். நேற்று நான் விசாரிக்கவில்லை, இப்போது விசாரித்துவிட்டேன்."

"அத்த அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல?" என்றவர், ஆசிரியையைப் பார்த்து, "உள்ள வா டீச்சர். என் பொண்ணத் தூக்கி எட போட்ட கை. உன்னப் போயி வாசல்லயே நிக்க வெச்சனே" என்றார்.

எல்லா வீடும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் வாதம் ஒரு மணி நேரம் ஓடியது. வாடகைக்கு இருப்பவர் படிவம் தரலாமா, இரண்டு ஊரிலும் பெயர் இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார்கள். சிலவற்றுக்கு ஆசிரியை பதில் சொன்னார். சிலவற்றுக்குத் தெரியாது என்று சொல்லி, தம் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு மாலையில் திரும்பி வந்து சொன்னார். தெரியாது என்று அவர் சொன்ன இடங்களில்தான் மக்கள் அவரை அதிகம் நம்பினார்கள். இதை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. குழுவில் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் வசைபாடிய இரண்டு பேர், கட்சிகள் எதிரெதிர், ஒரே வாசலில் நின்று ஒருவர் படிவத்தை மற்றவர் சரிபார்த்ததையும் அன்றுதான் கண்டேன். வசையும் நடுவே நடந்துகொண்டுதான் இருந்தது. "உன் ஓட்டு இருந்தாத்தானேடா நான் உன்னத் தோக்கடிக்க முடியும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்துவிட்டார்.

இரண்டாம் நாள் நிருபரின் செய்தி நான்கு அங்குலத்தில் வந்தது. என் பெயர் இருந்தது. பதவியைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. "யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன், யாரும் இல்லை" என்று நான் சொன்னதை அப்படியே தந்திருந்தார். குஷாய்குடாவிலிருந்து தங்கை பேசினாள்: "அண்ணா, அது நீங்களா?" நான்தான் என்றேன். தன் தெருவிலும் பேப்பரைக் காட்டிச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

ஆசிரியை சொன்ன கெடுநாள் மாலைக்குள் மூன்று வீடுகள் தவிர மற்றவை கொடுத்துவிட்டன. முதல் பட்டியல் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்ட காலையில் சந்தே அங்கு நின்றது. எதிர்வீட்டுக்காரர் விரலால் வரிசை பிடித்துத் தம் பெயரைக் கண்டுபிடித்தார். "ஹவ், ஆமா, கீது. ஆனா இந்த போட்டோல என்னிய யாருக்கும் அடையாளம் தெரியாது சார்" என்று குறைபட்டுக்கொண்டார்.

விட்டுப்போன மூன்று வீடுகளில் ஒன்று, மாடி வீட்டு மென்பொருள்காரருடையது. இறுதிப் பட்டியலுக்கு இன்னும் காலம் இருந்தது. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் ஒன்றை ஆசிரியையிடம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுப் படியேறினேன். கதவைத் திறந்தவர் உள்ளே அழைக்கவில்லை.

"சார், நீங்க முதல்ல எழுதினதை நம்பினேன். ரெண்டாவதா எழுதினதை நம்பலை. இப்போ எதை நம்பறது?"

"என்னை நம்ப வேண்டாம். விதிகள் பின்பக்கம் அச்சிட்டிருக்கின்றன. நீங்களே படியுங்கள், நான் காத்திருக்கிறேன்."

வாசலில் நின்றபடியே வாங்கிப் படித்தார். பாதியில் கதவைச் சாய்த்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். நானும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். முகவரிச் சான்று பற்றி இரண்டு ஐயங்கள் எழுப்பினார். நல்ல ஐயங்கள். இரண்டுக்கும் எனக்கு விடை தெரியவில்லை, அதையே சொன்னேன்.

"அப்போ டீச்சரையே கேட்டுடலாமா சார்?" என்று கைப்பேசியை எடுத்து, இருவருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.