எங்களுக்கும் சேர்த்து அடித்த ஹாரன்

போன வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சேந்தமங்கலத்தில் தாய் வீட்டில் இருந்த மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு, நான் வேலை பார்க்கும் கொல்லிமலைக்குக் காரில் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக வார நாளில் அலுவலகம், வாரக் கடைசியில் மாமியார் வீடு என்று அலைந்ததில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. காரும் பழையது. அதன் ஏசி எப்போதோ செத்துவிட்டது.

கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. இன்ஜின் அவ்வளவு சூட்டில் இருந்தும் ரேடியேட்டர் ஃபேன் அசையவில்லை. சூடு தணியும்வரை காத்திருந்து பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை, ஒழுகவும் இல்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால், ஃபேனின் ஃபியூஸ் கருகிக் கிடந்தது.

மாற்று ஃபியூஸ் கிடையாது. அதே அளவில் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று ஹெட்லைட்டுக்கு, மற்றது ஹாரனுக்கு. இருட்டிக்கொண்டு வந்தது, மூடுபனி வேறு. ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கி ஃபேனுக்குப் போட்டேன். ஃபேன் சுற்றியது. கீழேயே போய்விடலாமா என்று மனைவி கேட்டாள். இறங்கினாலும் இதே வளைவுகள்தானே என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவளும் பல நாளாகத் தூங்காதவள்தான்.

ஹாரன் இல்லாமல் கொல்லிமலை ஏறுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுவதுதான். வளைவுக்கு வளைவு மனைவி ஜன்னலில் தலையை நீட்டி, "வண்டி வருது, வண்டி வருது" என்று கத்தினாள். அப்படிப் போன மூன்றாவது வளைவில், மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று திடீரென்று எதிரே இறங்கியது. இரண்டு பேரும் பிரேக் போட்டோம். நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குழந்தை வீறிட்டு அழுதது. எங்களிடம் மிச்சமிருந்த ஒரே ஹாரன் அதுதான். லாரிக்காரர் திட்டிவிட்டுப் போனார். திட்டியதில் தப்பே இல்லை. வண்டியை ஓரங்கட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு உயிரையும் நானே கொண்டுவந்து இதில் மாட்டிவிட்டேனே என்று அழுகை முட்டியது.

பின்னால் வந்த பஸ் ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் குனிந்து, என்னங்க ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். மனைவி மடியில் அழும் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் முன்னால போறனுங்க. உங்களுக்கும் சேத்து நானே அடிக்கறேன். நடுவுல நிக்காம பின்னாலயே வாங்க" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறை ஹாரன் கேட்டது. ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு. எதிரே இறங்கிய வண்டிகளிடம் கையை நீட்டி, பின்னால் ஒரு கார் வருகிறது என்று சொல்லி அனுப்பினார். முள் மறுபடி ஏறுகிறதோ என்று நான் பயந்து மெதுவாக்கியபோதெல்லாம் அடுத்த வளைவில் பஸ் நின்று காத்திருந்தது. வீடு போய்ச் சேர வேண்டிய களைப்பு பஸ்ஸில் இருந்த அத்தனை முகத்திலும் தெரிந்தது. ஆனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. குழந்தை எப்போது தூங்கியது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

மேலே ஏறியதும் எங்கள் குடியிருப்புக்கு நான் திரும்ப வேண்டிய இடம் வந்தது. இறங்கி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைப்பதற்குள் பஸ் நேரே போய்விட்டது. போகிறபோது ஒரு முறை ஹாரன் அடித்தார். பதிலுக்கு அடிக்க எங்களிடம் ஹாரன் இல்லை.

அந்த இருட்டில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால் இன்றைக்கும் அந்த மலையில் எந்த பஸ் எதிரே வந்தாலும் அவராக இருக்கும் என்றே நினைத்து ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறேன்.