தலைவலிக்குக் கிணற்றை விசாரித்த டாக்டரம்மா

அறுபதுகளின் தொடக்கத்தில், மழை ஏமாற்றிவிட்ட ஒரு கோடையில் நடந்தது இது. கருமத்தம்பட்டிப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு தோட்டம். பருத்தி போட்டிருந்தோம். அந்தக் கோடையில் என் கணவருக்குத் தீராத தலைவலி. சில நாள் வாந்தியும் வரும். மந்திரித்தோம், பத்துப் போட்டோம், கண்ணாடி கூட மாட்டிப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நான்தான் பிடிவாதமாகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு என்ன வேலை செய்கிறார், தலைவலி எந்த நேரத்தில் வருகிறது என்று நிதானமாக விசாரித்தார்.

“தண்ணி கட்டற அன்னிக்குத்தானுங்க வருது. சந்தைக்குப் போற நாள்ல ஒண்ணுமில்லீங்க” என்றார் இவர்.

“தண்ணி எதுல எறைக்கறீங்க?”

“ஆயில் எஞ்சினுங்க. தண்ணி அடியில போயிருச்சுங்க. அதனால கெணத்துக்குள்ளயே மேடை கட்டி எறக்கி வெச்சிருக்கறனுங்க.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். எஞ்சின் புகையில் கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத விஷக்காற்று ஒன்று உண்டு, அது கிணற்றுக்குள் தேங்கி நிற்கும், அதைச் சுவாசிப்பதால்தான் இந்தத் தலைவலி என்று விளக்கினார். புகைக்குழாயைக் கிணற்றுக்கு மேலே வரை நீட்டச் சொன்னார். அதுவரை எஞ்சினை ஓட்டவே வேண்டாம் என்றார்.

“பயிரு காஞ்சுபோயிருமுங்க” என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினார். “ஓட்டக் கூடாதுங்கறதுதான் என் பேச்சு. மீறி எறங்குனார்னா இடுப்புல கயிறு இல்லாம உடாதீங்க. மேல ஆள் நிக்கோணும். மயங்கிட்டா யாரும் பின்னால எறங்கக் கூடாது, மேல இருந்தே இழுக்கோணும். இத உங்ககிட்டத்தான் சொல்றேன் அம்மணி.”

சிங்காநல்லூர்ப் பட்டறையில் குழாய்க்குச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினோம். அது வருவதற்குள் பருத்தி வாடத் தொடங்கிவிட்டது. இவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலையில் எஞ்சினை ஓட்டிவிட்டார். அதை நிறுத்த மறுபடி இறங்கியபோது, சிரித்துக்கொண்டேதான் என்னைக் கயிறு கட்ட விட்டார். மாடு பூட்டி இறைத்த காலத்துச் சகடைக் கப்பியில் கயிற்றைப் போட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே போனவரிடமிருந்து சத்தமே இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன்; பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் மேடையில் சாய்ந்து கிடக்கிறார். நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஓடி வந்தார். வந்த வேகத்தில் கிணற்றுப் படியில் கால் வைத்துவிட்டார்.

“எறங்காதீங்கண்ணா, எறங்குனா நீங்களும் உளுந்துருவீங்க. கயித்தப் புடிங்க” என்று கத்தினேன்.

நல்ல மனிதர், எதிர்க்கேள்வி கேட்கவில்லை. இருவருமாக இழுத்தோம். மேலே வந்தபோது இவருக்கு நினைவில்லை. வேப்பமரத்தடியில் காற்றாடக் கிடத்தினோம். என் உயிர் என்னிடம் இல்லை. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர், “எஞ்சின் நின்னுருச்சா புள்ள?” என்றுதான் முதலில் கேட்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

வண்டி கட்டி நேராக அதே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். இவருக்கு மருத்துவம் பார்த்துத் தேற்றிய பிறகு, “உங்க பக்கத்துல வேற யாரெல்லாம் கெணத்துக்குள்ள எஞ்சின் வெச்சிருக்காங்க? நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க போய்ச் சொல்லுங்க” என்றார். குழாய் மாட்டி முடித்ததும் இவர் தோட்டம் தோட்டமாகப் போனார். தான் விழுந்த கதையைத் தானே சொன்னார். அடுத்த கோடைக்குள் எங்கள் வட்டாரத்துக் கிணறுகள் பலவற்றில் புகைக்குழாய் மேலே எட்டிப் பார்த்தது.

அதற்கு அடுத்த வருடம்தான் எங்கள் கடைசி மகள் பிறந்தாள். அப்பாவும் மகளும் வாதாடிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்கிற போதெல்லாம், நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அவருக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்ட அந்த டாக்டரம்மாவின் மனசை நினைத்துக்கொள்கிறேன்.